முப்பத்தொன்று முடிந்தவன்

என்னைப் பொறுப்பெடுக்க அப்பா மட்டும்தான் வந்திருந்தார்.

மண்டபம் நிறையத் தாய்மார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, யாரோ ஒருத்தி ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். படம் பிடிக்க வந்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை. என் பெயரைக் கூப்பிட்டபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்தது, சங்கக்கடை வரிசையில் முறை வந்தவர் கையைத் தூக்குவதுபோல. அப்பா வந்தார். என் வலது காலைப் பார்த்தார். அது முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் கோணிப்போயிருந்தது. பிறகு என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, பஸ் போயிரும்" என்றார்.

சண்டை முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் புனர்வாழ்வு முகாமில் இருந்துவிட்டு வருகிறேன். அதற்கு முன் எட்டு வருடம் இயக்கம். வீட்டுக்கு வரும் நாளை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்புகள் ஒன்றிலும் "பஸ் போயிரும்" என்ற வசனம் இல்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் என்னை இருத்தினார். காத்தான்குடியைத் தாண்டியதும் கேட்டேன்.

"அம்மா ஏன் வரல்ல அப்பா?"

"சொல்லல்ல."

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வருவா."

இதற்கு மேல் என்ன கேட்பது? அப்பா எப்போதுமே அப்படித்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு சொல் செலவழித்தால் வயல்வட்டையில் விளைச்சல் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஆள். குருக்கள்மடத்துக்குக் கிட்ட, எங்கள் ஊருக்கு முந்திய நிறுத்தத்திலேயே மணியை அடித்து இறங்கச் சொன்னார். "நம்மட இடம் இன்னும் வரல்லியே" என்றேன். இறங்கு என்று கையைக் காட்டினார். பெரிய தெருவை விட்டு வாவிக்கரைப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்போதே எனக்கு விளங்கியது, அப்பா என்னை ஊருக்குக் காட்டாமல் கொண்டுபோகிறார். இயக்கத்துக்குப் போனவனின் தகப்பன் என்று வெட்கப்படுகிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக வந்தது. காலை இழுத்து இழுத்துப் பின்னால் நடந்தேன்.

கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தோணியில் அப்பா உட்கார்ந்தார். படுவான்கரைக்குப் போகும் மிதவை, நாங்கள் பாதை என்போம், அப்போதுதான் ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு நகர்ந்தது. அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"உனக்கு முப்பத்தொண்டு முடிச்சாச்சு."

நான் சிரித்துவிட்டேன். அப்பா பகிடி விட்டு நான் பார்த்ததில்லை. அவர் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கம் ஆள் செத்தால் முப்பத்தோராம் நாள்தான் துடக்கு, அந்தத் தீட்டு, கழியும். வீடு கழுவி, சொந்தபந்தம் எல்லோரையும் கூப்பிட்டு, செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படைத்து, பந்தி வைத்துச் சோறு போட்டு ஆளை அனுப்பிவைப்பார்கள். அதோடு அந்த ஆளுக்கும் வீட்டுக்கும் கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் வாசலால் வரக்கூடாது. வந்தால் அது வேறு ஏதோ.

அப்படி அனுப்பிவைத்த ஆளைத்தான் அப்பா பஸ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

நடந்தது இதுதான். இயக்கம் வீட்டுக்கு ஒருவரைக் கேட்ட காலத்தில் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு. நான் மூத்தவன். எனக்கு ஐந்து வயது இளையவன் தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றுதான் பெயர். பள்ளிக்கூடப் பெயரை இதில் நான் எழுதப்போவதில்லை. நான் போனேன். வீரத்தில் போனேன் என்று எழுதினால் என் அக்காவே விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் போகாவிட்டால் இரண்டு வருடத்தில் அவனைக் கேட்பார்கள். அவனோ மீனுக்கு முள்ளெடுக்கத் தெரியாதவன். அம்மா பக்கத்தில் இருந்து முள்ளெடுத்து வைத்தால்தான் சோறு இறங்கும். அவனை எப்படி அனுப்புவது? ஆக, வீடு கொடுத்த பிள்ளை நான், வைத்துக்கொண்ட பிள்ளை அவன். வடக்கே வன்னியில் நின்ற வருடங்களில் எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். பதுங்குகுழிக்குள் மழைத்தண்ணீரில் இருந்துகொண்டு, இந்நேரம் சின்னவன் வீட்டில் முள்ளில்லாத மீன் சாப்பிடுவான் என்று நினைப்பேன். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த நாள் காலை, கரைவலைக்காரரிடம் கீரிமீன் வாங்கிவா என்று அவனைக் கடற்கரைக்கு அனுப்பியது அம்மா. கீரிமீன் என்றால் அவனுக்கு உயிர். பனையோலைப் பையையும் எடுத்துக்கொண்டு போனான். அப்பா அக்கரையில் வட்டையில் நின்றார். அம்மாவும் அக்காவும் மச்சானும் வாவிப்பக்கம் ஓடித் தப்பினார்கள். சின்னவன் கிடைக்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் ஒதுங்கியிருந்த அந்தக் கிழமையே ஆயுதத்தோடு ஆட்கள் வந்து, "மூத்தவன் எங்க?" என்று அப்பாவைக் கேட்டார்களாம். யார் என்று எழுதமாட்டேன். அந்த வருடம் இயக்கம் கிழக்கென்றும் வடக்கென்றும் பிளந்து கிடந்தது. எங்கள் பக்கம் துவக்கு வைத்திருந்தவர்கள் ஒரு வகை இல்லை. நான் வன்னியில் நிற்கிறேன் என்று சொன்னாலும் பிழை, தெரியாது என்று சொன்னாலும் பிழை. ஈரச் சாரனோடு நின்ற அப்பா சொல்லியிருக்கிறார்:

"ரெண்டு பேரும் போயிட்டாங்க. பெரியவன் லீவில வந்து நின்டவன். ரெண்டு பேரையும் கடல் கொண்டு போயிட்டு."

வந்தவர்கள் போய்விட்டார்கள். ஆனால் சொன்னது அந்த வகுப்பறையில் படுத்திருந்த இருபது குடும்பத்துக்கும் கேட்டுவிட்டது. பெண்கள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைக்கும் ஒப்பாரி வைத்தார்கள். பிறகு சின்னவனுக்கு மட்டும் எப்படி முப்பத்தொன்று செய்வது? ஊர் கேட்காதா? அப்பா இரண்டு பேருக்கும் செய்தார். மீசை வழித்தார். இரண்டு இலை போட்டுப் படைத்தார். பொய்க்குப் பந்தி வைத்துச் சோறு போட்ட ஆள் எங்கள் ஊரில் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் தோணியில் இருந்து சொல்லி முடிக்க அப்பாவுக்கு நிறைய நேரம் எடுத்தது. நடுநடுவே பாதை போய்த் திரும்பி வந்துவிட்டது. சின்னவன் போன செய்தி எனக்கு முகாமிலேயே தெரியும். என் செய்திதான் தெரியாது.

"எனக்கு வேற வழி தெரியல்ல மனே" என்றார் கடைசியில். மனே என்று அவர் என்னைக் கூப்பிட்டது சின்ன வயதில்தான். "சரி வாங்க, போவம்" என்றேன்.

பின்வேலிக் கடப்பால் என்னைக் கொண்டுபோனார். வளவுக்குள் அம்மா முருங்கை இலை உருவிக்கொண்டு இருந்தார். சுளகு மடியில். மாலை வெயில் எங்கள் முதுகில் அடித்ததால் அவருக்கு முகம் தெரிந்திருக்காது. அப்பாவுக்குப் பின்னால் மெலிந்த ஒரு பெடியன் வருவது மட்டும் தெரிந்திருக்கும். சுளகு கீழே விழுந்தது.

"சின்னவன்! என்ட சின்னவன் வந்திட்டான்! எனக்குத் தெரியும் வருவான் எண்டு!"

அறுபது வயதுப் பெண் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

"நீயா மனே" என்றார்.

பிறகு கட்டிப்பிடித்து அழுதார். உண்மையாகத்தான் அழுதார், அதில் பொய் இல்லை. ஆனால் என்னைக் கண்டதும் அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியதை நான் பார்த்துவிட்டேன். எத்தனையோ கண்டவன்தான் நான். அதுபோல ஒரு வெட்கம் எனக்கு வந்ததில்லை. ஆள் மாறி வந்துவிட்டேன். வைத்துக்கொண்ட பிள்ளை போய், கொடுத்த பிள்ளை திரும்பி வந்து நிற்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்கென்று கேட்பது?

அம்மா போட்ட சத்தத்தில் அயல் முழுக்கக் கூடிவிட்டது. அப்பாவின் வாவிக்கரை நடை வீணாய்ப் போயிற்று.

கடல் கொண்டுபோன பிறகு கட்டிய வீடு அது. எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. அக்காவும் மச்சானும் முன்பக்கம் இருந்தார்கள், அம்மாவும் அப்பாவும் பக்கத்து அறையில். முன் விறாந்தைச் சுவரில் இரண்டு படம். கடலுக்குப் பிறகு எங்களிடம் படம் ஏது? மாமா வீட்டில் இருந்த அக்காவின் கல்யாணப் படம் ஒன்றில் நானும் சின்னவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அதைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் பெருப்பித்திருந்தார்கள். சின்னவன் என் தோளில் கை போட்டு நின்றவன். வெட்டும்போது அவன் விரல்கள் நாலும் என் படத்தோடு வந்துவிட்டன. மாலை போட்ட என் படத்தில் என் தோளில் நாலு விரல் இருந்தது. இதை நான் அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். உள்ளே விடவில்லை.

விடாதவர் மாமா. அம்மாவின் தமையன். எங்கள் பக்கம் தாய்வழியில்தான் குடி. கோயில் காரியம், கல்யாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் மாமா சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவரும் அதை நன்றாக அறிந்து வைத்திருந்தார். கதிரை கொண்டுவரச் சொல்லி, வெற்றிலை மடித்து, ஒரு வாய் துப்பிவிட்டு வந்துதான் பேசத் தொடங்கினார்.

"மருமகன் உயிரோட வந்தது அம்மாளாச்சி செயல். ஆனா முப்பத்தொண்டு முடிஞ்சவன் வீட்டுக்க ஏறேலா."

"அது பொய்க்குச் செஞ்சது தானே மச்சான்" என்றார் அப்பா.

"பொய் உங்கட வாய்க்கு. படைச்ச சோறு பொய்யா? நானே சாப்பிட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷெல்லுக்கும் பசிக்கும் சாகாத என்னை ஒரு பந்திச் சோறு சாகடித்துவிட்டதா? "எனக்கு இஞ்ச இருக்கத் தேவையில்ல. கொழும்புக்குப் போய் மேசன் வேலைக்கு நிக்கிறன்" என்று பையை எடுத்தேன். உண்மையில் அம்மாவின் முகத்தைத் திரும்பப் பார்க்கப் பயம். யாரும் மறிக்கவில்லை. அப்பாதான் பையின் மற்றக் காதைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அப்ப என்ட கொள்ளிக்கு?"

அவ்வளவுதான் கேட்டார். ஒரு மகனைக் கடல் கொண்டுபோயிற்று. மற்றவனைத் தன் வாயாலேயே சாகடித்துவிட்டார். செத்தவன் கொள்ளி வைக்க முடியாது. தன் கடைசித் தீயை யார் வைப்பது என்ற யோசனையோடு இந்த ஆள் இத்தனை வருடம் வயலுக்குப் போய் வந்திருக்கிறார். பையைக் கீழே வைத்தேன்.

மாமா இன்னொரு தரம் துப்பிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார். "ஒரு வழிதான் இரிக்கு. இவன் திரும்பப் பிறக்கணும்."

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்தாலும் முப்பத்தொன்று. அதுவரை தாயும் பிள்ளையும் ஒதுங்கி இருப்பார்கள். அன்றைக்குப் பிள்ளைக்கு முடி வழித்து, மஞ்சள் தண்ணீர் வார்த்து, சுளகில் கிடத்தி, காதில் பெயர் சொல்லி வீட்டுக்குள் எடுப்பார்கள். எனக்கும் அதைச் செய்தால் சரி என்றார் மாமா. அதுவரை பின்பக்கச் சாய்ப்புக் கொட்டிலில் நான் இருக்க வேண்டும். அம்மா பிள்ளை பெற்றவள் மாதிரி, கோயிலுக்குப் போகாமல், துடக்குக் காக்க வேண்டும்.

"அம்மாக்கு அறுபது வயசு மாமா" என்றாள் அக்கா.

"பிள்ள பெரிசு தானே. சமாளிப்பா" என்றார் மாமா. கூடி நின்ற சனம் சிரித்தது. அப்பா கூடச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாய்ப்பில் விறகும் உரமூட்டையும் அடுக்கியிருந்த இடத்தில் ஒரு பாய் போட்டார்கள். அக்காவுக்குப் பகிடி ஓயவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற காயமருந்தை உண்மையாகவே மிளகும் உள்ளியும் மஞ்சளும் வைத்து அரைத்து அம்மாவுக்குக் கொடுத்தாள். "குழந்த ராவு முழுக்கக் குறட்ட விட்டு எங்களப் படுக்க விடுதில்ல" என்று வேலிக்கு மேலால் அயலுக்குச் சொல்வாள். அந்தப் பகிடிகளுக்குப் பின்னால் அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் பகிடி இல்லை. எனக்கும் தெரியும்.

கிழமைக்கு ஒரு தரம் புலனாய்வுக்காரர் மோட்டார் சைக்கிளில் விசாரிக்க வருவார்கள். அவர்களுக்குத் துடக்கு இல்லை. நேரே முன் விறாந்தைக்குப் போய், என் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பதில் சொல்வேன். முதல் நாள் வந்தவன் மாலை போட்ட படத்தைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், திரும்பப் படத்தைப் பார்த்தான். "மாத்தயா செத்து, ஆ?" என்று, ஐயா செத்துவிட்டாரா என்பதை அரைத் தமிழில் கேட்டுச் சிரித்தான். நான் வன்னியில் நின்றதும் எந்தப் பிரிவில் நின்றதும் அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அப்பாவின் பொய்யை அவர்கள் ஒரு நாளும் நம்பியதில்லை. நம்பியது எங்கள் சனம் மட்டும்தான்.

சில தாய்மாரும் வந்தார்கள். சேலைத் தலைப்பில் பொத்தி வைத்திருக்கும் படத்தை எடுத்து நீட்டி, "இவனக் கண்டியா தம்பி?" என்பார்கள். சிலரைக் கண்டிருந்தேன். எங்கே கண்டேன், எந்த நிலையில் கண்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்ல அம்மா" என்பேன். நீ மட்டும் எப்படி வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

விளக்கு வைக்கும் நேரம்தான் எனக்குப் பெரிய பாடு. அக்கா வந்து இரண்டு படத்துக்கும் விளக்கேற்றுவாள். அந்த நேரம் பார்த்து அம்மா எழும்பிப் பின்வளவுக்கு வந்துவிடுவார். எனக்கு ஏற்றாததற்கு நியாயம் இருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவருக்கு எப்போதும் தெரியும். சின்னவனுக்கும் இந்த ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அம்மா ஏற்றியதில்லை என்று அக்காதான் சொன்னாள். கீரிமீனை வளவுக்குள் எடுக்க விடுவதுமில்லையாம். மீன்காரன் கடப்பில் நின்று கீரிமீன் என்று கூவினால் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாராம்.

சாய்ப்பில் என்னோடு இருக்கும் நேரங்களில் அம்மா நல்ல பிரியமாகத்தான் இருந்தார். காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பார். ஆனால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. மனே என்பார், இல்லாவிட்டால் இஞ்ச என்பார். நான் அதைக் கவனிக்காதவன் போல இருந்தேன்.

ஒருநாள் என் சேட்டு கிழிந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். திறந்தால் உள்ளே புதுச் சேட்டுகள், மடிப்புக் குலையாமல். சித்திரை வருடப்பிறப்புக்கு வருடம் ஒன்றாக வாங்கியது. அடியில் இருந்தது பதினாறு வயதுப் பெடியனுக்கானது. மேலே வர வர ஒவ்வொன்றும் அகலம் கூடிக்கொண்டு வந்தது.

"அவனோட படிச்ச பெடியனுகளப் பாத்துத்தான் அளவு எடுக்கிற. எல்லாரும் வளந்திட்டானுகள் தானே" என்றார். சந்தைக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

மேலே கிடந்ததை எடுத்து என்னைப் போடச் சொன்னார். முகாம் சோற்றில் நான் மெலிந்துபோயிருந்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. அம்மா காலரைச் சரிசெய்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தார். முதல் நாள் பின்வளவில் கண்ட அந்த வெளிச்சம் கொஞ்சம் திரும்பி வந்தது. அதை எனக்கானது என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. கழற்றித் தரவா என்று கேட்டேன். "கிடக்கட்டும்" என்றார்.

முப்பத்தோராம் நாள் விடிய மாமா வந்துவிட்டார். வளவில் சனம். என் செத்த வீட்டில் சாப்பிட்ட அதே சனம்தான், அதே வாளிகள்தான், சோறாக்கியதும் அதே ஆட்கள்தான். கடைத்தெருச் சலூன்காரப் பெடியன் வந்து என் தலையை வழித்தான். அப்பா அன்றைக்கு மூன்றாம் தரம் வெள்ளை வேட்டியைக் கட்டி அவிழ்த்துக் கட்டியதை நான் பார்த்தேன். அவருக்கு ஒரே பதட்டம். மஞ்சள் தண்ணீரை அம்மா என் தலையில் வார்த்தார். நான் ஒரு துண்டோடு எல்லோருக்கும் முன்னால் குந்தி இருந்தேன். சின்னப்பிள்ளைகள் என் கோணல்காலைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டன. சுளகில் ஆளைக் கிடத்த முடியாதென்பதால் நெல் பரப்பிய சுளகில் என் தலையை மட்டும் வைக்கலாம் என்று மாமா சலுகை கொடுத்தார்.

அம்மா நிலத்தில் காலை நீட்டி இருந்தார். மடியில் சுளகு, சுளகில் என் மொட்டைத்தலை. வானம் மட்டும் தெரிந்தது. நெல் பிடரியில் குத்தியது.

"பேரச் சொல்லு தங்கச்சி. மூணு தரம் சொல்லணும்" என்றார் மாமா. பெண்கள் குரவையிடத் தயாராக நின்றார்கள்.

அம்மா குனியவில்லை. ஒருவேளை என் பெயர் மறந்துபோயிற்றோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை வருடம். அதைக் கேட்கத்தான் இத்தனை நாள் விறகோடு படுத்துக் கிடந்தேன் என்பது அந்த நேரம்தான் எனக்கே விளங்கியது. கொள்ளி அப்பாவின் கவலை. என் கவலை இதுதான்.

பிறகு குனிந்தார். வெற்றிலை மணத்தது. சேலைத் தலைப்பால் என் முகத்தையும் தன் முகத்தையும் மூடிக்கொண்டு என் காதுக்குள் சொன்னார்.

சின்னவனின் பெயர்.

ஒரு தரம் சொல்லிவிட்டு நிறுத்தினார். தெரியாமல் சொல்லவில்லை. தெரிந்துதான் சொன்னார். தலைப்புக்குள் அவர் கண் என் கண்ணுக்கு மிகக் கிட்ட இருந்தது. கேட்டுக்கொண்டு இருந்தது. நான் இல்லை என்று தலையசைத்திருந்தால் என் பெயரைச் சொல்லியிருப்பார். அது எனக்கு நிச்சயம். பிறந்த பிள்ளையைப் பெயருக்குச் சம்மதம் கேட்பதில்லை. என்னைக் கேட்டார்.

"ஓமம்மா" என்றேன்.

மற்ற இரண்டு தரமும் கெதியாகச் சொல்லி முடித்தார். குரவை எழும்பியது. "குழந்தை அழல்லியே" என்று யாரோ சத்தம் போட, எல்லோரும் சிரித்தார்கள். அழுதது அம்மாதான். அவர் கண்ணீர் என் மொட்டையில் விழுந்தது. "பழைய மகன் கிடைச்ச சந்தோசம்" என்றாள் பெண் ஒருத்தி.

முன்வாசலால் என்னை உள்ளே எடுத்தார்கள். அப்பா என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மாலையை உருவி, என் கையில் தந்தார். "இனிப் பயமில்ல" என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கண்டதில்லை. சில வருடத்துக்குப் பிறகு அவர் ஆசைப்படியே நான்தான் கொள்ளி வைத்தேன். எந்தப் பெயர்க்காரன் வைத்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது.

அன்றைக்குப் பந்தியில் மாமா என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார். "உன்ட முப்பத்தொண்டுக்கு ரெண்டு தரம் சாப்பிட்டவன் நான்" என்று வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, அக்கா எழும்புமுன்பே, அம்மா குளித்துவிட்டு வந்து முன் விறாந்தையில் நின்றார். சுவரில் இப்போது ஒரு படம்தான். சின்னவன் தனியே நின்றான். விரலில்லாத கை படத்தின் ஓரத்தில் முடிந்திருந்தது. அம்மா திரியை உருட்டி, எண்ணெய் விட்டு, விளக்கை ஏற்றினார். கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அடுக்களைக்குப் போனார். நான் பாயில் கிடந்தபடி பார்த்தேன். ஆறு வருடமாகக் கடலுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தவனை நான் ஓம் என்று சொன்ன ஒரு சொல்லில் கொடுத்துவிட்டார். இனிச் சித்திரைக்குச் சேட்டு எனக்குத்தான். அவனுக்கென்று மிச்சம் இருந்த ஒரே இடத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஆறுதல் இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது.

பத்துமணி போல மீன்காரன் கடப்பில் வந்து கூவினான். அம்மா உள்ளே போகவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு கடப்புக்குப் போனார்.

மதியம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். கீரிமீன் சொதி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது பிடிக்காது. முள் கூடின மீன். அம்மா சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, இரண்டு மீனை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முள்ளெடுத்துத் தரட்டா மனே?"

எட்டு வருடம் கிடைத்ததை எல்லாம் முள்ளோடும் மண்ணோடும் தின்றவன் நான்.

"ஓமம்மா" என்றேன். கோப்பையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.